இங்கா சாலா

அக்கா,

நேற்றுக் காலை எங்கள் வீட்டு டிவி படுத்துவிட்டது. படம் இல்லை, சத்தம் மட்டும் வந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் பின்மூடியைக் கழற்றி, சால்டரிங் அயர்னைச் சூடேற்றி, ஈயக் கம்பியை அதன் நுனியில் தொட்டார். ஒரு நூல் அளவுக்குத்தான் புகை எழுந்தது. அதற்குள் அந்த வாசனை கூடம் முழுக்கப் பரவிவிட்டது. நான் கத்திவிட்டேன். "வெளியில கொண்டு போயி வையுங்க! வீட்டுக்குள்ள எதுக்கு இதெல்லாம்?" பாவம் அந்த மனுஷன், அயர்னைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்று, "கைக்கு குஸ்ஸா ஹோரே அம்மா?" என்றார். ஏன் கோபம் என்று கேட்டார். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நின்றேன்.

வயரிங் ஷாப்பை விட்டு ஆபீஸ் வேலைக்கு மாறிப் பத்து வருஷம் ஆகிறது. அந்தப் புகை மறந்துபோயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. உங்கள் பதினாறாம் நாளில் உங்கள் வீட்டுக் கூடத்தில் நான் வாயைத் திறந்தேன். உங்களிடம் சொல்ல வேண்டியதை உங்கள் போட்டோவின் முன்னால் மற்றவர்களிடம் சொன்னேன். அதனால் இதை எழுதுகிறேன். நடுநடுவே நான் எரிந்து விழுந்தால் அது உங்கள்மேல் இல்லை.

நம் ஷாப்பில் நாற்பது பெண்கள் இருந்தோம். ஹைதராபாத்தில் மத்திய அரசுத் தொழிற்சாலை என்பதால் எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. ஆனால் நம் வரிசையில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இருவர்தான். நான் வேலூரிலிருந்து வந்து, லாலாகுடாவில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த மாமா வீட்டில் தங்கி, சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நீங்கள் பாளையங்கோட்டையில் தாலி கட்டிக்கொண்டு நேரே இங்கே வந்து இறங்கியவர். உங்கள் வீட்டுக்காரர் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் கிளார்க். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த முதல் நாளே நீங்கள் கேட்டது இதுதான்.

"ஏட்டி, உனக்குத் தெலுங்கு வருமா?"

"எனக்குத் தெலுங்கு தண்ணி பட்ட பாடுக்கா" என்றேன்.

என் வாய்க்கொழுப்பு! எனக்குத் தெரிந்த தெலுங்கு முழுக்க கேண்டீன் தெலுங்கு. அங்கே சாம்பார் ஊற்றுகிறவர் தட்டில் குளம் வெட்டுவார். 'சாலு' என்று சொன்னால்தான் கரண்டி நிற்கும். போதும் என்று அர்த்தம். நான் கற்ற முதல் தெலுங்குச் சொல் அது, நான் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் சொல்லும் அதுவேதான். இரண்டு பேரும் தட்டுக்கு மேல் கையை விரித்து "இங்க சாலு, இங்க சாலு" என்று கத்துவோம். இதற்குமேல் போதும், போதும். பக்கத்தில் இருக்கிற தெலுங்குப் பெண்கள் சிரிப்பார்கள்.

மூன்றாவது மாதத்தில் உங்களுக்கு இழுப்பு வந்தது. முதலில் இருமல்தான். ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடும், திங்கட்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து நாலு இணைப்புப் பற்றவைத்ததும் திரும்ப வரும். மத்தியானத்துக்குள் நெஞ்சிலிருந்து பூனைக்குட்டி கத்துவதுபோல் சத்தம் வரும். நீங்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு போர்டைக் குனிந்து பார்ப்பீர்கள். நான்தான் கண்டுபிடித்தேன், இது ஈயத்தோடு எரிகிற பிசினின் புகை என்று. மற்ற முப்பத்தொன்பது பேரையும் ஒன்றும் செய்யாத புகை உங்கள் உடம்புக்கு மட்டும் ஆகவில்லை.

"டிஸ்பென்சரிக்குப் போகலாம்க்கா" என்றேன்.

"சும்மா இரிட்டி. ப்ரொபேஷன் முடியதுக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு. மூச்சு முட்டுதுன்னு சீட்டுல எழுதிட்டான்னா வீட்டுக்குப் போன்னுருவான்" என்றீர்கள். "எங்க வீட்டுல பொம்பளையள் கையெழுத்துப் போட்டது கல்யாண ரிஜிஸ்தர்ல மட்டும்தான். நான் ஒருத்திதான் தெனமும் போடுதேன்."

அந்த வேலையை நீங்கள் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நேரக் கார்டை மணிப்பொறியில் செருகும்போது உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த 'டிங்' சத்தத்துக்கு ஒரு சிரிப்பு வரும். மாமியார் மாசம் ஒரு கடிதத்தில் "எதுக்கு உத்தியோகம்" என்று எழுதுவார்கள். நிரந்தரம் ஆனதும் பேச்சு அடங்கிவிடும் என்பது உங்கள் கணக்கு.

அதனால் யாருக்கும் தெரியாமல் செகந்திராபாத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் போனோம். மொழிபெயர்ப்பாளர் நான். கூடவே இருக்க அவ்வளவு பெருமை எனக்கு. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஈசினோபில் ஏறியிருக்கிறது என்றார். ஈஸ்னோபீலியா என்ற சொல் ஊரில் எல்லார் வாயிலும் புழங்கியதால் அது மட்டும் நமக்குப் புரிந்தது. சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். காலையில் சாப்பிட்டதும் போட வேண்டும், அவர் சொல்லும்வரை விடக்கூடாது என்றார். அன்று அவர் இங்கிலீஷில் சொன்னார், நானும் சரியாகச் சொன்னேன். அதை மட்டும் தயவுசெய்து நம்புங்கள்.

மூன்றாம் நாள் நீங்கள் ஷாப்புக்குள் வந்த வேகம் எனக்கு மறக்கவில்லை. "ஏட்டி, ரெண்டு மாடி ஏறுனேன், நடுவுல நிக்கவே இல்ல கேட்டியா!" என்று என் தோளில் அடித்தீர்கள். நெஞ்சில் பூனைக்குட்டி இல்லை. சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவிலிருந்த தயிர்சாதத்தையும் சேர்த்துச் சாப்பிட்டீர்கள்.

ஒரு மாதம் போனது. உங்கள் கன்னம் உப்பத் தொடங்கியது. நம் ஆட்களுக்கு இதைவிடச் சந்தோஷம் உண்டா? பார்த்தவர்களெல்லாம் "நல்லா பூசினாப்ல இருக்கே" என்றார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரே பூரிப்பு. ஹைதராபாத் தண்ணி ஒத்துக்கொண்டது என்று ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார். அது நோய்க்குப் போட்ட மாத்திரையால் வந்த வீக்கம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இரண்டாவது மாதம் பேச்சு மாறியது. காலனிப் பெண்கள் வயிற்றைப் பார்த்து "விசேஷமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி உங்களுக்கு அலுத்துவிட்டது. கை கழுவும் இடத்தில் இருந்த ரசம் போன கண்ணாடியில் பார்த்து, "மூஞ்சி பணியாரம் மாதிரி ஆயிட்டுட்டி. இத எப்பதான் நிப்பாட்டச் சொல்லுவாரு?" என்றீர்கள்.

நாலாவது மாதம் மாத்திரை வாங்கப் போனோம். டாக்டர் அறையில் கூட்டம். கம்பவுண்டர் ஜன்னலிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றோம். அவர் வேறு யாருக்கோ பொடி மடித்துக்கொண்டே உங்களுக்குப் பத்து மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் கட்டினார். "கேளுட்டி, இன்னும் எத்தனை நாளுன்னு கேளு" என்று என் முழங்கையைக் கிள்ளினீர்கள். நான் எக்கி நின்று, என் கேண்டீன் தெலுங்கில், "இங்கா எந்நி ரோஜுலு?" என்றேன். பின்னால் பஸ் ஹாரன், ஒரு குழந்தையின் அழுகை. அவர் தலை நிமிராமல் ஒரு பதில் சொன்னார்.

நான் திரும்பி, "இங்க சாலுன்னாருக்கா. இந்தப் பத்தோட போதும்" என்றேன்.

அவர் சொன்னது 'இங்கா சாலா'. இன்னும் நிறைய.

'இன்னும்' என்பதும் 'இதற்குமேல்' என்பதும் தெலுங்கில் ஒரு நெடிலில் பிரிகின்றன. 'நிறைய' என்பதும் 'போதும்' என்பதும் கடைசி எழுத்தில் பிரிகின்றன. தெலுங்கு நாக்குக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். என் காதுக்கு சாம்பார்க் கரண்டி மட்டும்தான் கேட்டது.

நீங்கள் உடனே நம்பிவிடவில்லை. ரோட்டைக் கடந்ததும் நின்று, "நல்லா கேட்டியாட்டி? இன்னொருக்கா போய் கேட்டுட்டு வாரியா?" என்றீர்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் தெலுங்கு மேல நம்பிக்கை இல்லன்னா நீங்களே போயி கேட்டுக்குங்க" என்றேன். நீங்கள் சிரித்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மோசம்பி ஜூஸ் வாங்கிக் கொடுத்தீர்கள். முகம் பழையபடி ஆகிவிடும் என்ற சந்தோஷம் உங்களுக்கு. அந்த ஜூஸை நான் ரசித்துக் குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பத்து நாள் முடிந்தது. அடுத்த இரண்டு நாளில் உடம்பு அசதி என்றீர்கள். மூன்றாம் நாள் சாப்பாட்டைத் தொடவில்லை, குமட்டல் என்றீர்கள். பக்கத்து பெஞ்சுப் பெண் "விசேஷமேதான்" என்று கண்ணடித்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஐந்தாம் நாள் காலை, அயர்னை ஸ்டாண்டில் வைக்கப் போன கை பாதியிலேயே நின்றது. புகை நெஞ்சைப் பிடித்ததா, உடம்பே விட்டுவிட்டதா தெரியவில்லை. உதடு வெளுத்து, மூச்சு கீச்சிட, ஸ்டூலிலிருந்து என் மேல் சாய்ந்தீர்கள். உங்கள் கை அப்படி ஜில்லென்றிருந்தது. கம்பெனி வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் உங்கள் கைப்பையிலிருந்த மருந்தின் பெயர் கிறுக்கியிருந்த காலிக் காகிதப் பொட்டலத்தை மோந்து பார்க்காத குறை. "இதை எத்தனை நாள் சாப்பிட்டாள்? யார் நிறுத்தச் சொன்னது?" என்று இங்கிலீஷில் இரைந்துகொண்டே, நிறுத்திய அதே மருந்தை ஊசியில் ஏற்றினார்.

மறுநாள் காலை நான் அந்தக் கம்பவுண்டரிடம் சண்டைக்குப் போனேன். ஜன்னலைத் தட்டி, நீதானே சாலு என்றாய் என்று கத்தினேன். அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார். "நேனு சாலு அனலேதம்மா. சாலா அன்னானு. இங்கா சாலா ரோஜுலு வேஸ்கோவாலி." போதும் என்று நான் சொல்லவில்லை, இன்னும் நிறைய நாள் போட வேண்டும் என்றுதான் சொன்னேன். கடைசி எழுத்தை அவர் இழுத்துச் சொன்னபோது என் காதுக்கு வித்தியாசம் கேட்டது. சண்டை போட வந்தவள் படியிறங்கினேன்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. நீங்கள் கண் திறந்திருந்தீர்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் உங்கள் வீட்டுக்காரர். மாத்திரை விஷயமே அவருக்கு அன்றுதான் தெரியும். அவமானமும் பயமும் சேர்ந்து முகம் கடுத்திருந்தது.

"டாக்டர் நிறுத்தச் சொன்னாரா, நீயா நிறுத்துனியா?" என்றார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள் அக்கா. 'டாக்டர் இடத்துல சொன்னதாலதான் நிறுத்தினாங்க அண்ணாச்சி' என்று நான் சொல்வேன் என்று பார்த்தீர்கள். நான் வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி, யார் கேட்டது, என்ன கேட்டது என்று என்னிடம் வரும். உங்கள் நோயை மறைக்கக் கூடப் போனவள் என்று ஷாப்புக்குத் தெரிந்துவிடும். எனக்கும் ப்ரொபேஷன். வேலூரில் அப்பா இல்லாத வீடு, என் மணியார்டரை எதிர்பார்க்கிற அம்மா. இதெல்லாம் இப்போது அடுக்குகிற காரணம். அப்போது இருந்தது வெறும் பயம். நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"நாந்தான் நிறுத்துனேன்" என்றீர்கள்.

"மூஞ்சி ஊதுதுன்னு பொலம்பிக்கிட்டே இருந்தா" என்று அவர் என்னிடம் சொன்னார், ஏதோ நான் நியாயம் தெரிந்தவள் மாதிரி. "அழகு போயிருமாம். அதுக்கு உசுரே போகப் பாத்துது."

பத்து நாளில் எழுந்துவிட்டீர்கள். சூப்பர்வைசர் நல்ல மனுஷன். புகையில்லாத கேபிள் பிரிவுக்கு மாற்றித் தருகிறேன், ப்ரொபேஷன் பாதிக்காது, வரச்சொல் என்று என்னிடம் சொல்லியனுப்பினார். நான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். தப்பு தன்னால் சரியாகிவிடும், நான் எதையும் சொல்ல வேண்டியிராது என்று நம்பினேன். உங்கள் வீட்டுக்காரர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "இவ்வளவுகூட வெவரம் இல்லாதவளுக்கு என்ன உத்தியோகம்? யாரைக் கேட்டு மாத்திரையை நிறுத்துனா? நாளைக்கு மிஷின்ல கையைக் குடுத்துட்டு வருவா" என்றார். நீங்கள் அடுப்படி வாசலில் நின்றிருந்தீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். விவரமில்லாதவள் நான் என்று ஒரு வரி. சொல்லவில்லை. நிரந்தர உத்தரவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது உங்கள் ராஜினாமாக் கடிதத்தை நானே கொண்டுபோய் ஆபீசில் கொடுத்தேன். உங்கள் நேரக் கார்டை எடுத்துக் கிழித்துப் போட்டார்கள்.

எனக்கு நிரந்தரமாயிற்று. இனிப்பு கொண்டுவந்து கொடுத்தேன், நீங்கள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு "நல்லாயிருட்டி" என்றீர்கள்.

பிற்பாடு எனக்கு அது ஒரு பைத்தியமே ஆகிவிட்டது. அந்த மாத்திரை உடம்புக்குள் என்னதான் செய்கிறது என்று எங்கள் டிஸ்பென்சரி லேடி டாக்டரை நச்சரித்து நச்சரித்துக் கேட்டேன். யாருக்காக என்று சொல்லவில்லை. அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார். அன்றைக்கு ஜன்னலில் தப்பாகச் சொன்னவள் இன்றைக்குச் சரியாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

மூச்சுக் குழாயின் சுவரில் காவல் அணுக்கள் உண்டாம், மாஸ்ட் செல் என்று பெயர். உங்கள் உடம்பு அந்தப் புகையை எதிரி என்று முடிவு கட்டிவிட்டது. புகை பட்டதும் காவல் அணுக்கள் தங்கள் பையைக் கிழித்து ரசாயனத்தைக் கொட்டும். குழாய் இறுகும், வீங்கும், சளி ஊறும். அதோடு விடாமல் ஆள் அனுப்பு என்று ரத்தத்துக்குச் செய்தி போகும். அப்படித் திரண்டு வருகிறவைதான் அந்த ஈசினோபில். வந்தவை லேசில் போகாது, உட்கார்ந்து குழாயின் தோலைப் புண்ணாக்கும். கிருமியை விரட்ட வேண்டிய சேனை, ஒன்றுமில்லாத புகையைப் பார்த்து சொந்த வீட்டையே இடிக்கும்.

மாத்திரை இந்த அணுக்களோடு சண்டை போடுவதில்லை. நம் ஷாப்பில் இந்த வேலையைச் செய் என்று எழுதிய ஜாப் கார்டு இல்லாமல் யாரும் அயர்னைத் தொட மாட்டோம் இல்லையா? மாத்திரையின் சத்து நேரே அணுவுக்குள் புகுந்து, நடுவில் கார்டு எழுதுகிற அறைக்குப் போய், ஆள் கூப்பிடும் கார்டுகளை எழுதவிடாமல் செய்கிறது. ஏற்கெனவே வெளியே போன கார்டுக்கு ஒன்றும் செய்ய முடியாது, அதனால்தான் போட்டவுடன் கேட்காமல் இரண்டு நாள் பிடித்தது. புதுக் கார்டு வராமல்போனால் திரண்ட ஈசினோபில் மெல்லக் கலைந்துவிடும். நீங்கள் இரண்டு மாடி நிற்காமல் ஏறியது அப்படித்தான்.

இன்னொன்றும் சொன்னார். அந்த மருந்து வெளியூர்ச் சரக்கு இல்லையாம். நம் உடம்பே தினமும் செய்கிற சரக்கின் மறுபதிப்பு. சிறுநீரகத்தின் தலையில் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி காலைதோறும் அதைச் சுரந்து உடம்பை எழுப்பி நிறுத்துகிறது. வெளியிலிருந்து மாத்திரை வந்துகொண்டே இருந்தால், ஸ்டோரில் சரக்கு இருக்கிறதே என்று சுரப்பி வேலையை நிறுத்திவிடும். நாலு மாதம் தூங்கினது ஒரே நாளில் எழாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். திடீரென்று விட்டால் ஒரு பக்கம் பழைய சேனை திரும்பவும் திரளும், இன்னொரு பக்கம் உடம்பைத் தாங்கச் சொந்தச் சரக்கும் இருக்காது. அசதி, குமட்டல், ஜில்லென்ற கை, எல்லாம் அது. நாம் விசேஷம் என்று கண்ணடித்தோம்.

நீங்கள் மல்காஜ்கிரிக்கு வீடு மாறினீர்கள். மீனா பிறந்தாள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவேன். உங்கள் தெலுங்கைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருக்கும், அவ்வளவு சுத்தம். காய்கறிக்காரியிடம் நீங்கள் பேசினால் அவள் உங்களை குண்டூர்க்காரி என்றே நினைப்பாள். அப்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி வரும். இவ்வளவு தெரிந்துகொண்டவருக்கு அது மட்டும் புரியாமலா இருக்கும்? உங்கள் முகத்தைப் பார்ப்பேன். நீங்கள் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் இழுப்பு வரும்போது உங்கள் வீட்டுக்காரர் என் எதிரிலேயே, "மாத்திரையை ஒழுங்கா முழுங்கு, மூஞ்சி போயிரும்னு பழையபடி வேலையக் காட்டாதே" என்பார். நீங்கள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பீர்கள். நானும் வாயைத் திறக்காமல் காபியைக் குடிப்பேன். பதினாறு பதினேழு வருஷம் இப்படியே ஓட்டினோம்.

நெஞ்சு வலி என்று சாயங்காலம் படுத்தவர் ஒரேயடியாகப் போய்விட்டீர்கள் என்று மீனா ஆபீசுக்கு போன் செய்தாள். அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

பதினாறாம் நாள் பந்தி முடிந்து ஏழெட்டுப் பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். உங்கள் போட்டோவுக்கு மாலை. எந்தப் போட்டோ தெரியுமா? அந்த ஸ்டூடியோ போட்டோ, உப்பின கன்னத்தோடு. உங்கள் வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அவளுக்கு எப்பவும் அவ இஷ்டம்தான். அந்தக் காலத்துலயே மூஞ்சி ஊதுதுன்னு மாத்திரையை நிப்பாட்டிட்டு விழுந்தவ."

"இல்ல அண்ணாச்சி" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "அக்கா நிறுத்தல. நான்தான் நிறுத்தச் சொன்னேன். கம்பவுண்டர் இங்கா சாலான்னாரு. எனக்கு இங்க சாலுன்னு விழுந்துச்சு. போதும்னு சொல்லிட்டேன்."

மீனா சிரித்துவிட்டாள். சாவு வீடென்றும் பார்க்காமல் குபுக்கென்று ஒரு சிரிப்பு. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை வருஷம் இருந்தும் அவர் தெலுங்கு கற்றுக்கொள்ளவே இல்லையே. "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று மகளைக் கேட்டார். அவள், "சாலான்னா நிறைய நானா, சாலுன்னா போதும்" என்றாள். அப்பாவை அவள் தெலுங்கில் நானா என்றுதான் கூப்பிடுவாள். அவர் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "அப்ப அவளா நிறுத்தலையா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி."

"மழைக்கு மழை அவளைச் சொல்லிக் காட்டுனேனே நான்" என்றார். "நீயும் பக்கத்துலதானே உக்காந்திருந்தே? அவ இருக்கையில சொல்லியிருந்தா ஒரு வார்த்தை அவகிட்ட கேட்டிருப்பேனே. இப்ப வந்து எதுக்கும்மா சொல்லுதே?" கோபமாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். என் பாரத்தை இறக்கி அந்த மனுஷன் தலையில் வைத்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. செருப்பைத் தேடி வெளியே வந்துவிட்டேன்.

மீனா கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தாள். தமிழும் தெலுங்குமாகப் பேசினாள். "சாரி ஆண்ட்டி, சிரிக்கணும்னு சிரிக்கல. அம்மா ஜாபகம் வந்துருச்சு. யார் என்ன சொன்னாலும் அம்மா விடமாட்டா. கடையில, ஸ்கூல்ல, டாக்டர்கிட்ட, எங்க போனாலும் நிறுத்திக் கேப்பா. 'சாலாவா, சாலுவா? சரிகா செப்பண்டி'ன்னு. நான்கூட கிண்டல் பண்ணுவேன். அது எனக்கும் அம்மாவுக்கும் ஜோக் ஆண்ட்டி."

சரியாகச் சொல்லுங்கள் என்று ஊர் முழுக்க எல்லாரிடமும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "எப்ப இருந்து?" என்றேன். "தெரியலியே, நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பலேந்து" என்றாள்.

அப்படியானால் மீனா பிறந்த காலத்திலேயே உங்களுக்குத் தெரியும். ஒருவேளை ஆஸ்பத்திரியில் நான் ஜன்னலைப் பார்த்தபோதே தெரியும். நான் கொண்டுவந்த இனிப்பை வாயில் போட்டபோது தெரியும். ஒவ்வொரு மழைக்கும் உங்கள் வீட்டுக்காரர் சொல்லிக்காட்டும்போது, எதிரில் நான் காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்க, தெரிந்துகொண்டே மாத்திரையை முழுங்கினீர்கள். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தீர்களா? எனக்கு இனிமேல் தெரியப்போவதில்லை. மன்னித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ள ஆசைதான். அப்படி வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

கடைக்காரனைக் கேட்டீர்கள், வாத்தியாரைக் கேட்டீர்கள், டாக்டரைக் கேட்டீர்கள். ஏட்டி, சாலாவா சாலுவா என்று என்னை ஒரு தடவை கேட்டிருக்கலாம் அக்கா.